தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கு,

வணக்கம். நம் இரண்டு மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள், பர்கூர், செட்டிக்கரை பொறியியல் கல்லூரிகள் என எல்லாருக்கும் சேர்த்தே, படித்துக்கொண்டே தொழில் செய்யும், கற்றல் குறைபாடும் உள்ள மாணவர்களைப் பற்றி இதை எழுதுகிறேன். "துணைவேந்தருக்கே எழுதலாமே" என்றார் நண்பர் ஒருவர். பல்கலைக்கழகங்கள் இருக்கும் சேலத்துக்கும் சென்னைக்கும் கோப்பு போய்த் திரும்புவதற்குள் பையன் படிப்பை முடித்திருப்பான், இல்லையென்றால் நின்றிருப்பான். நான் கேட்கப்போவதில் முக்கால்வாசி உங்கள் மேசையிலேயே முடிகிற காரியம்.

நான் வணிகவியல் நடத்தும் கௌரவ விரிவுரையாளர். என்னிடம் படித்த ஒரு மாணவன், பென்னாகரம் பக்கத்துக்காரன், படித்துக்கொண்டே புளி வியாபாரம் செய்தான். ஊர்ப் பெண்களிடம் கொட்டை எடுத்த புளியை வாங்கி, நார் நீக்கி, அரைக் கிலோ பாக்கெட்டாகப் போட்டு ஓசூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்புவான். ஒரு கை அள்ளிப் பிசைந்து பார்த்தால் போதும், எடைக்காகத் தண்ணீர் தெளித்திருக்கிறார்களா என்று சொல்லிவிடுவான். கணக்கு முழுக்க வாட்ஸ்அப்பில், தனக்குத் தானே அனுப்பிக்கொள்ளும் வாய்ஸ் மெசேஜாக இருக்கும். வாடகை, சாக்கு, கூலி, பழைய பாக்கி எல்லாம் அதில் உண்டு.

அவனுடைய விடைத்தாள் வேறு கதை. 63 என்பது 36 ஆகியிருக்கும். 'ல'வும் 'ள'வும் இடம் மாறியிருக்கும். ஒரே வரியை இரண்டு முறை எழுதி, அடுத்ததை விட்டிருப்பான். இருப்பாய்வில் பற்றும் வரவும் சேராது. முதல் பக்கத்திலேயே எண் புரண்டுவிட்டால் எங்கே சேரும்? அதே கணக்கை நான் வாயால் கேட்டபோது எந்தப் பேரேட்டிலிருந்து எது வருகிறது என்று தடங்கல் இல்லாமல் சொன்னான். பள்ளியில் ஒருவரும் கற்றல் குறைபாடு என்று சந்தேகப்படவில்லை. "கவனக்குறைவு" என்று ரேங்க் கார்டில் எழுதியே பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டார்கள்.

கற்றல் குறைபாடு உள்ளவர்கள் எல்லாரும் பிறவி வியாபாரிகள் என்று சொல்ல வரவில்லை. அந்த மாதிரிப் பேச்சு எனக்கு எரிச்சல்தான் தரும். தேர்வில் தோற்று, வேலைக்கும் போக முடியாமல் வீட்டோடு கிடப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எழுத்தில் திணறுகிறவன், ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார முடியாதவன், தன் பிழைப்பைத் தானே அமைத்துக்கொள்ளப் பார்ப்பது இயல்பு. அதனால் தொழில் செய்யும் மாணவனும் இந்த மாணவனும் பல நேரம் ஒரே ஆள். நம் கல்லூரிகளிலோ தொழில்முனைவோர் மையம் ஒரு பேராசிரியரிடம், மாற்றுத்திறனாளி மாணவர் விவகாரம் இன்னொருவரிடம். இரண்டு பேரும் கேன்டீனில் சேர்ந்துதான் டீ குடிக்கிறார்கள், இந்தப் பையனைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை.

முதலில் வருகைப் பதிவு. பிப்ரவரி, மார்ச் புளி சீசன். மே பிறந்தால் காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கம் மாங்காய். பட்டுக்கூடு ஏலத்துக்குப் போகிற பிள்ளைக்கு முதல் பீரியட் போய்விடும். சரியாக அந்த மாதங்களில்தான் இன்டர்னலும் செமஸ்டர் தேர்வும் வருகின்றன. 75 சதவீதத்துக்குக் குறைந்தால் கண்டோனேஷன் (குறைவைப் பொறுத்துக்கொள்ளும் தனி அனுமதி), இன்னும் குறைந்தால் ஹால் டிக்கெட் இல்லை. கபடிக்குப் போனால் ஓ.டி. (கல்லூரி வேலை என்று வருகைக் கணக்கு) உண்டு, மண்டிக்குப் போனால் ஆப்சென்ட். மத்திய கல்வித் துறை 2019இல் கொண்டுவந்த தேசியப் புத்தாக்க, புத்தொழில் கொள்கை, தொழில் நடத்தும் மாணவருக்கு வருகை குறைந்தாலும் கல்லூரியின் அனுமதியோடு தேர்வெழுத இடம் கொடுக்கச் சொல்கிறது. செமஸ்டர் இடைவெளி தரலாம் என்றும் சொல்கிறது. அந்த அனுமதியைக் கேட்க ஒரு படிவம்கூட உங்களில் பலரிடம் இல்லை. புத்தொழில் என்றால் செயலி உருவாக்குவதுதான் என்ற நினைப்பு ஒரு காரணமாக இருக்கலாம். புளிப் பாக்கெட்டும் தொழில்தான் ஐயா.

அடுத்து தேர்வு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு. அரசுக் கல்லூரிச் சேர்க்கையில் 5 சதவீத இடமும் உண்டு, ஆனால் அது குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்றவர்களுக்கு. அதற்குக் கீழே இருப்பவர்களை வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறோம். விகாஷ் குமார் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், 40 சதவீதத்தைக் காட்டி எழுத்தரை (தேர்வில் மாணவன் சொல்லச் சொல்ல விடை எழுதித் தருபவரை) மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி வழிகாட்டுதலே வெளியிட்டது: குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழ் இருந்தாலும், எழுதச் சிரமம் என்று அரசு மருத்துவச் சான்று இருந்தால் எழுத்தரும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும். மூன்று மணித் தேர்வில் அது ஒரு மணி நேரம். கவனம் நிலைக்காத, ஓரிடத்தில் உட்கார முடியாத ஏ.டி.எச்.டி. அந்த 21இல் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் மனசுதான் விதி.

சான்று வாங்குவது எப்படி? இரு மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பையன் தனியாகப் போய் "எனக்கு எழுத்து வரலை" என்று வரிசையில் நின்று சொல்வானா? அங்கே நாள் வாங்கி, கல்லூரிக் கடிதத்தோடு ஓர் ஆசிரியரைத் துணைக்கு அனுப்புங்கள். எழுத்தரையும் நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். மாணவன் தானே கூட்டிவரும் எழுத்தர் அவனைவிடக் குறைந்த படிப்பு படித்தவராக இருக்க வேண்டும். அப்படி ஓர் ஆளைத் தேர்வுக்கு முந்தின ராத்திரி எங்கே போய்த் தேடுவான்? விருப்பமுள்ள ஜூனியர் மாணவர்களின் பட்டியல் ஒன்று செமஸ்டர் தொடக்கத்திலேயே தயாராக இருக்கட்டும்.

இதற்கெல்லாம் சான்று வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்டர்னல் உங்கள் கையில் இருக்கிறது. ஒரு தேர்வை வாய்மொழியாக வைக்கலாம். சத்தம் தாங்காத பிள்ளையை நூலகத்தின் ஒரு மூலையில் எழுத வைக்கலாம். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதைக் குரல் பதிவாகவும் அனுப்பலாம். காசே ஆகாது.

அப்புறம், தொழில்முனைவோர் மையங்கள். சிறப்பு விருந்தினர், சால்வை, வெற்றிக் கதை, சான்றிதழ், குரூப் போட்டோ. இதைக் குறைத்துக்கொண்டு, மாதம் ஒரு நாள் ஒரு கம்ப்யூட்டரோடு பொறுமையான ஓர் ஆளை மட்டும் உட்கார வையுங்கள். என் மாணவன் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தபோது சிறு வியாபாரிக்கான கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். படிவத்தைப் பார்த்து மிரண்டுபோய் ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்தான், 1,500 ரூபாய் கறந்துவிட்டார்கள். அதிலும் பெயரில் எழுத்துப் பிழை. வங்கிக் கடனானாலும் மானியமானாலும் அவனை மிரட்டுவது தொழில் இல்லை, அந்தப் படிவம்தான். கல்லூரி அவனுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, கூட உட்கார்ந்து அதை வாசித்துக் காட்டுவது.

அந்த மாணவனுக்கு இன்னும் மூன்று அரியர். வியாபாரம் நடக்கிறது, இந்த வருடம் இரண்டு பெண்களைக் கூலிக்கு வைத்திருக்கிறான். அரியர் எழுத வரச் சொன்னால் "சீசன் முடியட்டும் சார்" என்கிறான். கல்லூரி திறந்ததும் நடக்கும் முதல் துறைத்தலைவர்கள் கூட்டத்தில் வருகைத் தளர்வுப் படிவத்தையும் எழுத்தர் பட்டியலையும் பொருள் நிரலில் சேருங்கள். படிவத்தின் வரைவை நானே தமிழில், ஒரே பக்கத்தில் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர்,
தருமபுரி மாவட்டம்