நாள் தவறாமல் ஒரு மாத்திரை

ஏற்காடு

அன்புள்ள கண்ணு,

பொங்கலுக்கு வந்து நீ புனேவுக்குத் திரும்பியபோது, உன் பையில் துணிகளை மடித்து வைத்தவள் நான்தான். உன் இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அந்தத் தேதிக்குள் காலியாகியிருக்க வேண்டிய குமிழ்களில் சில உடையாமல் இருந்தன. வெள்ளணு எண்ணிக்கைதான் சரியாகிவிட்டதே என்று நீ எண்ணியிருப்பாய்.

எண்ணிக்கை சரியானது மாத்திரையால்தான், கண்ணு. ஒன்பதாம், இருபத்திரண்டாம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் உண்டான ஒரு கோணல் புரதம், அணுக்களைப் பெருகும்படி ஓயாமல் ஏவிக்கொண்டிருக்கிறது. அந்தப் புரதத்தைப் பிடித்து ஏவலைத் தடுப்பதே இம்மருந்தின் வேலை. இரத்தத்தில் மருந்து போதிய அளவு இருக்கும்வரைதான் அந்தத் தடுப்பு நிற்கும். அடிக்கடி விட்டால் நோயணுக்கள் மறுபடி தலையெடுக்கும். விட்டுப்போன நாட்களை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடு. அது தெரியாமல், நோயணுக்களின் மரபணுத் தடயத்தை அளக்கும் பிசிஆர் பரிசோதனையில் அளவு ஏறியிருப்பதை மட்டும் பார்த்தால், மருந்தே பலிக்கவில்லை என்று அவர் முடிவு செய்ய நேரும்.

மறந்தது அன்றைக்கே நினைவுக்கு வந்தால் போட்டுக்கொள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடு. இரண்டாகச் சேர்த்து ஒருபோதும் போடாதே. உனக்கு எழுதிக் கொடுத்திருக்கும் 400 மில்லிகிராமை, வயிறார உண்ட பின் பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கினால் குமட்டல் குறையும். மருத்துவமனையில் பழக்கமான அக்கா, இதே நோய்க்கான இன்னொரு மருந்தான நிலோடினிப்பை வெறும் வயிற்றில் போடுகிறாரே என்று நீயும் அப்படிச் செய்யாதே. அந்த மருந்து உணவோடு சேர்ந்தால் இரத்தத்தில் அளவு மீறி ஏறி, இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும். ஆகவே அவருடைய முறை அவருக்கு, உன்னுடையது உனக்கு.

இந்த முறை பழக்கூடையில் பம்பளிமாஸ் வைக்கவில்லை. உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்தும்தான் நிறுத்தினேன். குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை அந்தப் பழம் முடக்கிவிடுவதால், மருந்து உடலில் தேங்கிவிடக்கூடும். கடைகளில் விற்கும் கிரேப்ஃப்ரூட்டும் அதே இனம்தான். நம் மலைக் கமலா ஆரஞ்சுக்கு அந்தக் குணம் இல்லை. அதை ஆசை தீரச் சாப்பிடு. உன் அத்தை அனுப்பும் சூரணத்தையும் லேகியத்தையும் டாக்டரிடம் காட்டாமல் தொடாதே. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடுவதானாலும் கேட்டுக்கொண்டே போடு.

காலையில் கண்ணிமை வீங்குவதும், இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பதும் இம்மருந்தில் வரக்கூடியவை. அவற்றுக்காக நீயாக அளவைக் குறைக்காமல் டாக்டரிடம் சொல், அவர் வழி சொல்வார். ஆனால் சில நாட்களுக்குள் எடை மளமளவென்று ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடு. விடியட்டும் என்று காத்திருக்காதே.

இன்னொன்று, மாப்பிள்ளையிடமும் சொல்லிவை. இந்த மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடியது. குழந்தை வேண்டும் என்று இருவரும் நினைக்கும்போது, முதலில் டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். மருந்தை எப்போது, எப்படி நிறுத்துவது என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

அட்டை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடு. அங்கே கிடைக்கத் தாமதமானால் உடனே சொல். மருந்துச் சீட்டோடு அப்பா மலையிறங்கிச் சேலத்தில் வாங்கி அனுப்புவார்.

இப்படிக்கு,
அம்மா