பூட்டக்கூடிய கதவு: எங்கள் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்

அன்புள்ள அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கையருக்கு,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஊழியத்தைச் செய்யும் எங்கள் ஐயாவும் அன்ரியும் கலியாணம் செய்து 20 வருடமாகிறது. ஏதாவது வாங்கிக் கொடுப்போம் என்று குழுவில் பேச்சு வந்தது. மணிக்கூடு, பிரிட்ஜ், மோதிரம் என்று ஆளுக்கொன்று சொன்னோம். முடிவு வராததால் நேரிலேயே போய்க் கேட்டோம். அன்ரி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "பூட்டக்கூடிய கதவு ஒன்று" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள அவர்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். விளங்காதவர்களுக்குச் சொல்கிறோம். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு சனம் திரும்பி வந்தபோது கதவு, யன்னல், நிலை எல்லாம் கழற்றப்பட்டுக் கிடந்த வீடுகளில் இதுவும் ஒன்று. முன்கதவையும் பின்கதவையும் திருச்சபை போட்டுக் கொடுத்தது. உள்ளறைகளுக்கு அன்று கட்டிய துணித்திரைதான் இன்றைக்கும். ஐயா 2003 இல் கம்பஸ் மாணவர் ஊழியத்துக்கு வந்து அந்த வீட்டில் குடியேறினார். 2005 இல் அன்ரி வந்தார். (அப்போது நாங்கள் அவரை அக்கா என்றோம். இப்போதைய பிள்ளைகள் அன்ரி என்று கூப்பிடக் கேட்டு எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது.)

கம்பஸ் என்ற சொல்லும் அப்படித்தான். 1974 இல் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் அது தொடங்கியபோது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் என்றுதான் பெயர். 1979 இல் தனிப் பல்கலைக்கழகமான பிறகும் ஊருக்கு அது கம்பஸ்தான். வன்னி, மட்டக்களப்பு, மலையகம் என்று வருகிற பிள்ளைகள் முதல் கிழமையில் தேடுவது சாமியை அல்ல, சோற்றை. வெள்ளிக்கிழமை பரமேஸ்வரன் கோயிலுக்குப் போய்த் திருநீற்றோடு வந்து எங்கள் வீட்டில் இராச்சாப்பாடு சாப்பிட்டவர்கள் எத்தனையோ பேர். ஒருவரிடமும் ஐயா சமயம் கேட்டதில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்பார்.

அந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டது எல்லாம் எங்கள் நடுவில்தான் நடந்தது. மூத்த மகளின் ஞானஸ்நானம் 2007 இல். யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியான ஏ9 பாதை பூட்டியிருந்த காலம். சாமான் எல்லாம் கப்பலில் வரவேண்டும், சங்கக் கடையில் சீனிக்கு வரிசை. ஆராதனை முடிந்து தேத்தண்ணி கொடுக்க வீட்டில் சீனி இல்லை. விடுதிப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பிடி சீனியைக் கடதாசிச் சுருளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அன்ரி ஒவ்வொரு சுருளாகப் பிரித்து ஒரே போத்தலில் கொட்டினார். ஒன்றில் உப்பு. யார் கொண்டுவந்தது என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

2009 இன் முதல் மாதங்களைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. வன்னிப் பிள்ளைகளுக்கு வீட்டாரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஐயா அவர்களுக்கு ஆறுதல் வசனம் சொல்லவில்லை. இரவு 9 மணிக்கு எல்லாரும் விறாந்தையில் இருப்போம். தாய் தகப்பன், சகோதரங்களின் பெயர்களை அவர் ஒரு கொப்பியிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார். ஐயாவுடைய தகப்பனாரும் தாயாரும் அப்போது வன்னியிலேதான் இருந்தார்கள். அந்த இரண்டு பெயரையும் கடைசியில்தான் வாசிப்பார். 2010 இல் செட்டிகுளம் முகாமிலிருந்து தாயார் வந்து சேர்ந்தார். தகப்பனார் வரவில்லை. அந்தக் கொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது.

அப்புறம் 2014 இல் மகன். அடுத்த வருடம், பிள்ளைக்குப் பல்லு முளைத்ததற்குச் செய்யும் பல்லுக்கொழுக்கட்டை. இது சைவக்காரர் செய்வதல்லவா என்று முறுமுறுத்த ஒரு பெரியவருக்கு, "பல்லுக்குச் சமயம் தெரியாது" என்று அன்ரி சொன்னதை இப்போதும் சொல்லிச் சிரிப்போம். பிள்ளை எதை எடுக்கிறது என்று பார்க்க வைத்த தட்டத்தில் வேதப்புத்தகம், பேனை, காப்பு, மருத்துவபீடத் தம்பி ஒருவன் வைத்த ஸ்ரெதஸ்கோப். தலையில் கொழுக்கட்டை கொட்டியதும் பிள்ளை தவழ்ந்துபோய், தட்டத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் யாரோ வைத்திருந்த விடுதித் திறப்புக்கோர்வையைப் பிடித்தான்.

தாயார் 2021 இல் காலமானார். கொரோனாக் கட்டுப்பாடு, கூட முடியவில்லை. பாதிப்பேர் சூமில்தான் பார்த்தோம். ஐயா தனியாக அழுவதற்குக்கூட அந்த வீட்டில் ஓர் இடமில்லை என்பது எங்களில் சிலருக்கு அன்றுதான் உறைத்தது.

இப்போது மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். திரைக்கு இந்தப் பக்கம் கிற்றார், அந்தப் பக்கம் இரசாயனவியல். வாசலுக்கு மேலே தொங்கும் வசனத்தில் ‘என் வீட்டாரும்’ என்று வரும். அந்த வீட்டார் நாங்கள்தான் என்று இத்தனை வருடமும் வசதியாக நினைத்துக்கொண்டோம்.

ஆகவே வீட்டைக் குடும்பத்துக்கே விட்டுவிட்டு, பின்வளவில் கிணற்றுக்கு அங்கால் மாணவர்களுக்கென்று ஒரு மண்டபம் கட்டத் தீர்மானித்திருக்கிறோம். 20 அடிக்கு 40 அடி, ஒரு குசினி, இரண்டு மலசலகூடம். 2022 இல் காஸும் மண்ணெண்ணெயும் இல்லாமல் முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தோமே, அதனால் புதுக் குசினியில் விறகு அடுப்பும் புகைக்கூடும் கட்டாயம் வேண்டும் என்று அன்ரி சொல்லிவிட்டார்.

மதிப்பீடு 68 இலட்சம் ரூபா. கையில் 19 இலட்சம் இருக்கிறது. மதிப்பீட்டில் மலக்குழிக்கு ஏன் இவ்வளவு காசு என்று ரொறன்ரோ அண்ணா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மேலே செம்பாட்டு மண், கீழே வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல். சும்மா குழி வெட்டிவிட்டால் ஊறுகிற அழுக்கு கிணற்றுக்கு வந்துசேரும். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள். அடியும் கொங்கிறீற் போட்டு அடைத்த குழிதான் சரி. இதில் காசு மிச்சம் பிடிக்க நாங்கள் விரும்பவில்லை. காணி உறுதி திருச்சபையின் பெயரில் இருக்கிறது. கட்டுவதற்கு எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2016 இல் கூரை திருத்தச் சேர்த்த காசுக்கு இதே குழு ஒழுங்காகக் கணக்குக் காட்டவில்லை. காசு களவு போகவில்லை. ஓடு மாற்றினோம், நீங்களும் பார்த்தீர்கள். ஆனால் பற்றுச்சீட்டுகள் பாதி தொலைந்துவிட்டன. கேட்டவர்களுக்கு நாங்கள் கோபமாகப் பதில் எழுதியதும் பிழை. இந்த முறை மூன்று பேர் கையெழுத்திட்டால்தான் வங்கியில் காசு எடுக்கலாம். மாதம் ஒரு முறை கணக்கும் சிட்டைகளின் படமும் காசு தந்த எல்லாருக்கும் வரும்.

கணக்கு இலக்கத்தை உங்கள் ஆண்டுப் பொறுப்பாளரிடம் வாயால் கேட்டு வாங்குங்கள். வட்சப்பில் சுற்றிவரும் எந்த இலக்கத்துக்கும் அனுப்பவேண்டாம். தொகை எவ்வளவென்றாலும் சரி. முதலாம் வருடப் பிள்ளைகள் சேர்ந்து ஐந்து பை சீமெந்துக்குக் காசு தந்திருக்கிறார்கள். காசு இல்லாதவர்கள் ஊருக்கு வரும்போது இரண்டு நாள் கல் சுமக்கலாம். பெயர்க் கல் பதிக்கமாட்டோம். அது ஐயா போட்ட ஒரே நிபந்தனை.

மாரிக்குள் குழி வெட்டினால் தண்ணீர் ஊறிவிடும். தை பிறந்ததும் அத்திவாரம் வெட்டவேண்டும் என்று மேசன் சொல்கிறார். அதற்குள் பாதித் தொகையாவது சேர்ந்தால் நல்லது.

அன்ரியின் கதவு இந்த 68 இலட்சத்துக்குள் இல்லை. 2005 கலியாணத்தில் பந்தி பரிமாறிய ஏழு பேர் அதைத் தனியாகச் செய்வித்து, போன சனிக்கிழமை பொருத்திவிட்டோம். வேப்பம் பலகை. திறப்பு இரண்டு. இரண்டையும் அவரிடமே கொடுத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கட்டடக் குழுவினர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்