போர்க்கதைப் பெண்ணுக்கு ஒரு காரணம் வேண்டாமா?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் போர் நாவல்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இப்போது பெண்களும் துப்பாக்கி ஏந்துகிறார்கள், ஆகவே நிலைமை மாறிவிட்டது என்கிறார் கட்டுரையாளர். சரி, ஏந்தட்டும். ஆனால் அதை எடுப்பதா வேண்டாமா என்று அவள் யோசிக்கும் பக்கம் எங்கே? அண்ணனைக் கொன்றிருப்பார்கள், இல்லையென்றால் அவளையே சீரழித்திருப்பார்கள், அடுத்த அத்தியாயத்தில் சீருடையோடு வந்து நிற்பாள். ஆண் படையில் சேர மட்டும் கொள்கை, கோபம், வேலையில்லாமை, வீட்டில் சண்டை, கூட்டாளி போனான் என்று எத்தனை காரணம்!

இரண்டாம் உலகப் போரில் சோவியத் படைகளில் சுமார் 8 லட்சம் பெண்கள் இருந்தார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பியும் விடாமல் போய்க் கேட்டுச் சேர்ந்தவர்கள் அதில் நிறையப் பேர். போர் முடிந்து ஊர் திரும்பியதும், ஆண்களோடு இருந்துவிட்டு வந்தவள் என்ற பேச்சுக்கு அஞ்சிப் பலர் பதக்கத்தை எடுத்து ஒளித்துவைத்தார்கள். போனதும் அவர்கள் முடிவு, வாயை மூடிக்கொண்டதும் அவர்கள் முடிவுதான். நமக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் முதல் பாதி மட்டும்.

நம்மிடமே பழைய உதாரணம் இருக்கிறது. புறநானூறு 246இல், கணவன் பூதப்பாண்டியன் இறந்தபின், தடுக்க வந்த சான்றோரைக் கடிந்துவிட்டுத் தீயில் இறங்கப் போகிறாள் பெருங்கோப்பெண்டு. எனக்கு அந்த முடிவு கொஞ்சமும் பிடிக்காது (அதைக் கற்பு என்று மேடையில் கொண்டாடுவது அதைவிடப் பிடிக்காது). ஆனாலும் உயிரோடு இருந்தால் தனக்கு என்ன காத்திருக்கிறது என்பதை அவளே சொல்கிறாள்: நெய் படாத பிழிந்த சோறு, புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாயில்லாமல் பரல்கல் மேல் படுக்கை. எதை உதறிவிட்டுப் போகிறாள் என்று தெரிவதால்தான் அது அவள் முடிவாக நிற்கிறது, நாமும் அவளோடு சண்டை போட முடிகிறது. இன்றைய நாவலாசிரியர்கள் முந்நூறு பக்கத்தில் செய்யாததை அந்தச் சின்னப் பாட்டு செய்துவிடுகிறது.

அப்புறம் இன்னொன்று. பிள்ளைகளின் பசிக்காக எதிரிச் சிப்பாயோடு சேர்ந்து வாழ்பவள், பாதியில் படையை விட்டு ஓடுபவள், போரே வேண்டாம் என்று மகனை ஒளித்துவைப்பவள், இவர்களெல்லாம் கதைக்குள் வந்தாலும் எழுதியவரே அவசர அவசரமாகத் தண்டித்துவிடுகிறார். இரண்டு அத்தியாயத்துக்குள் குண்டு பாய்ந்து சாவாள், இல்லை காலில் விழுந்து அழுவாள். தப்பித்து, பிழைத்து, தான் செய்தது சரிதான் என்று கடைசிவரை சாதிக்கிற ஒருத்தியை நான் எங்குமே படித்ததில்லை. கட்டுரையாளருக்கு அப்படி யாராவது தெரிந்தால் அடுத்த வாரம் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி