லங்காஸ்ட்ரியாவில் ஏறியவர்கள்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம். பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். அவன் திரும்பி வரும்வரை நான் பழையபடி கப்பல் கதைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது மனதில் நிற்பது லங்காஸ்ட்ரியா. ஸ்காட்லாந்தில் கட்டி, 1922ல் அட்லாண்டிக்கில் ஓடத் தொடங்கிய குனார்ட் கம்பெனியின் பயணிகள் கப்பல். பிறகு உல்லாசப் பயணங்களுக்கும் போனது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் சாம்பல் நிறப் பெயின்ட் பூசிப் படைகளை ஏற்றும் கப்பலாக மாற்றிவிட்டார்கள்.

ஜெர்மன் படை நெருக்கியபோது பிரான்சின் டன்கர்க் கரையிலிருந்து வீரர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோன டன்கர்க் மீட்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அது முடிந்த பிறகும் பிரான்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் மாட்டிக்கொண்டிருந்தது பலருக்குத் தெரியாது. அவர்களை ஏற்ற 1940 ஜூன் 17 அன்று செயின்ட் நசேர் துறைமுகத்துக்கு வெளியே லங்காஸ்ட்ரியா நங்கூரமிட்டு நின்றது. சட்டப்படியான அளவைப் பார்க்காமல் முடிந்தவரை ஏற்றச் சொல்லி உத்தரவு. சிறு படகுகளில் வீரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பொதுமக்களும், குழந்தைகளும்கூட ஏறினார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் யாரும் கணக்கு வைக்கவில்லை. கிளம்பிவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். நீர்மூழ்கிக்குப் பயந்து, துணைக்குப் போர்க்கப்பல் வரட்டும் என்று கேப்டன் ரூடால்ஃப் ஷார்ப் காத்திருந்தார். மாலை நான்கு மணி நெருங்கும்போது ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. இருபது நிமிடத்துக்குள் கப்பல் கவிழ்ந்து மூழ்கிவிட்டது. உயிர்காப்பு அங்கிகள் பாதிப் பேருக்குக்கூட இல்லை. கடலில் குதித்தவர்களைச் சுற்றிலும் எரிபொருள் எண்ணெய்.

பிழைத்தவர்கள் சுமார் 2,500 பேர். இறந்தவர்கள் குறைந்தது 3,000 என்கிறார்கள். 4,000ஐத் தாண்டும் என்றும் சொல்கிறார்கள். டைட்டானிக்கில் போனதே சுமார் 1,500 உயிர்தான்.

பிரான்ஸ் போர்நிறுத்தம் கேட்ட நாளும் அதுதான். மக்கள் மனம் உடைந்துவிடும் என்று பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் கப்பல் மூழ்கிய செய்தியை நிறுத்தி வைத்தார். ஐந்து வாரம் கழித்து அமெரிக்கப் பத்திரிகை வெளியிட்ட பிறகே இங்கிலாந்தில் அச்சானது. போர்க்காலத்தில் ஒரு நாள், இரண்டு நாள் மறைப்பதை நான் புரிந்துகொள்வேன். ஐந்து வாரம் அநியாயம், செல்வம். மகன் அந்தக் கப்பலில் ஏறினானா என்றுகூடத் தெரியாமல் எத்தனை வீட்டில் காத்துக் கிடந்திருப்பார்கள்!

ஷார்ப் அன்று பிழைத்துக்கொண்டார். 1942ல் லக்கோனியா என்ற இன்னொரு குனார்ட் கப்பலோடு மூழ்கிப்போனார். அதுவும் படைகளை ஏற்றிய கப்பல்தான். அது பெரிய கதை, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். தையில் இந்தப் பக்கம் வருவதாகச் சொன்னாயே, தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
ராமநாதன்