கச்சான் காற்று வந்துவிட்டது, அண்ணே

அண்ணே,

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் தொடங்கி இன்றைக்குப் பத்து நாள். ஹட்டன் பக்கம் மழை கொட்டுகிறதாம், லொறிக்காரர் சொன்னார். இங்கே அப்புத்தளையில் வறண்ட காற்று ராத்திரி முழுக்கத் தகரத்தை ஆட்டுகிறது. இந்தக் காற்று வந்தால் ஸ்டோரு என்று நாம் சொல்லும் தேயிலை ஆலையின் வாசலில் நின்று ஒரு தரம் மூச்சை இழுத்துப் பார்ப்பீர்களே, நேற்று அதே இடத்தில் போய் நின்றேன். உங்களுக்குத் தெரிந்த மாதிரி எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

உயர்தரப் படிப்பு முடித்துவிட்டு ஸ்டோருக்கு உத்தியோகத்துக்கு வந்தபோது எனக்கு 21 வயது. உங்கள் லயத்து வீட்டு வரிசைக்கும் எங்கள் லயத்துக்கும் நடுவில் தண்ணீர் பிடிக்கும் ஒரு பீலிதான். ஆனாலும் ஆட்களுக்கு முன்னால் நீங்கள் என்னை 'ஐயா' என்றுதான் கூப்பிட்டீர்கள். எனக்குக் கூசும். "அப்படித்தான் இருக்கணும் தம்பி, இல்லாட்டி கொழுந்து உருட்டுற ரோலர்ல நிக்கிறவன் உன் பேச்சைக் கேக்கமாட்டான்" என்று தனியாக இருக்கும்போது சொல்வீர்கள். நடுச்சாமத்துக்குப் பிறகு நான் தம்பி. விடிந்தால் ஐயா.

தேயிலையை எனக்குக் காட்டிக் கொடுத்தது உங்கள் கை. வாடின கொழுந்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டு விரலை விரிக்கச் சொன்னீர்கள். உருண்டை மெதுவாகத்தான் அவிழ வேண்டும். காம்பை மடக்கினால் 'டக்'கென்று முறியக்கூடாது. ரோலரில் உருட்டி விழுந்த தூளை மேசையில் பரப்பினால் முதலில் பச்சை வாடை, கொஞ்ச நேரத்தில் பழ வாடை. அந்தப் பழ வாடை தூக்கலாக இருக்கும்போதே டிரையருக்குப் போக வேண்டும், தாமதித்தால் வாசம் இறங்கிவிடும் என்பீர்கள். ஒரு மாதம் நான் மோந்துகொண்டே திரிந்தேன். சிரிக்காமல் சொல்லிக் கொடுத்தீர்கள்.

அந்த ஆகஸ்ட் ராத்திரியை மறக்கவே முடியாது. சுவரில் தொங்கிய நேர அட்டைப்படி தூளை டிரையருக்கு அனுப்ப இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நீங்கள் மேசையில் குனிந்து பார்த்துவிட்டு, "இப்பவே அனுப்பு" என்றீர்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஆனாலும் அனுப்பினேன். கொழும்பு ஏலத்தில் அந்தத் தேயிலைக்கு அந்த வருசம் எங்களுக்குக் கிடைத்ததிலேயே நல்ல விலை. பாராட்டுக் கடிதம் என் பேருக்கு வந்தது. "நான் இல்லை, அவர்தான்" என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. கடிதத்தை உங்களிடம் காட்டினேன். துடைத்த கையால் வாங்கிப் பார்த்துவிட்டு, "பத்திரமா வை, உத்தியோக உயர்வுக்கு உதவும்" என்றீர்கள். உதவியது, அண்ணே. 13 வருசமாக அது என் நெஞ்சில் கிடக்கிறது.

ஏலப் பட்டியலில் தோட்டத்துக்குப் பேர் உண்டு, பிஓபி, டஸ்ட் என்று வகைக்குப் பேர் உண்டு. ரோலரிலிருந்து விழுவதை ஆங்கிலத் தேயிலைப் புத்தகத்தில்கூட நம்முடைய 'தூள்' என்ற சொல்லால்தான் எழுதியிருக்கிறார்கள். அதை மோந்து பார்த்து நேரம் சொன்ன ஆளின் பேருக்கு எங்கேயும் இடமில்லை.

இருந்த இடத்திலும் பிழையாக இருந்தது. பிறப்புப் பத்திரத்தில் கடைசி எழுத்து 'ன்', அடையாள அட்டையில் 'ம்'. 55 வயதானதும் ஈபிஎப் என்ற சேமலாப நிதிக் காசுக்கு எழுதினீர்கள், ஒரு எழுத்துக்காகத் திரும்பி வந்தது. மகளின் கல்யாணத்துக்கென்று நினைத்திருந்த காசு அது. மூன்று வருசம் அலைந்தீர்கள். பிறகு மாசி மாதத்தில் ஒரு காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோலர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். கொழுந்து லொறியில்தான் கொண்டுபோனோம். பாதி வழியில் என் கையிலிருந்த உங்கள் கை கனத்துவிட்டது.

தப்படித்துத் தூக்கிப் போனோம். பழைய தேயிலை மலையில், உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் குழி வெட்டினோம். அன்றைக்கும் ஸ்டோரு ஓடியது. ரோலர் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

உங்கள் வீட்டு அக்காவிடம் அந்தப் பாராட்டுக் கடிதத்தைப் பற்றிப் போன கிழமைதான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். பிறகு பெட்டியைத் திறந்து உங்கள் பத்திரங்களை எல்லாம் என் மடியில் வைத்தார்.

வியாழக்கிழமை அக்காவோடு பதுளைக்குப் போகிறேன். பேர்ப் பிழைக்காகக் கொடுக்கும் சத்தியக் கடதாசியில் உங்கள் பேரை நானே எழுத்தெழுத்தாகச் சொல்லி எழுதச் சொல்வேன்.

உங்கள் தம்பி