எதுவும் பொருந்தாவிட்டால்?

மாப்ளே,

உன் இரண்டு மெயிலுக்கும் பதில் போடவில்லை, கோபமாக இருப்பாய். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லாரும் நலம். பெரியவர் ரிட்டயர் ஆகிவிட்டார், கடைசி நாள் வரைக்கும் அந்த நீலப் பேனாவை யாருக்கும் தரவில்லை.

இப்போது எழுத உட்கார்ந்த காரணம் வேறு. புது இடத்தில் விண்ணப்பங்களைத் தானாக உரியவருக்கு அனுப்புகிற ஒர்க்ஃப்ளோ பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது என்றாயே, போன மாதம் இங்கே நடந்ததைச் சொல்லாமல் உன்னை அதில் இறங்கவிட எனக்கு மனசில்லை.

எங்கள் விடுப்பு விண்ணப்பம் எல்லாம் ஒரு ஒர்க்ஃப்ளோவில்தான் ஓடுகிறது. வகையைப் பார்த்து வழி பிரியும்: ‘மருத்துவம்’ என்றால் ஹெச்.ஆருக்கு, ‘சொந்த வேலை’ என்றால் டீம் லீடுக்கு. யாரோ ஒருவர் படிவத்தில் மட்டும் ‘மருத்துவம்’ என்பதை ‘மருத்துவ விடுப்பு’ என்று மாற்றிவிட்டார், வழி பிரிக்கிற கண்டிஷனில் பழைய சொல்லே கிடந்தது. அந்த வாரம் பார்த்து எங்கள் டீமில் ஒரு பெண் அம்மாவின் ஆபரேஷனுக்காக விண்ணப்பித்தாள். எந்தக் கிளையும் பொருந்தவில்லை, எதுவும் பொருந்தாதபோது போக வேண்டிய டீஃபால்ட் கிளையோ காலி. விண்ணப்பம் யாருக்கும் போகவே இல்லை. ஒர்க்ஃப்ளோ ஓடிய பதிவான லாகைத் திறந்தால் பச்சை டிக், ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று! ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரை அவள் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் காத்திருந்தாள். மறுத்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பாள். பதிலே வராதபோது யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அதிலிருந்து ஒரே பிடிவாதம் எனக்கு. வழி பிரிகிற இடத்தில் முதலில் டீஃபால்ட்டைத்தான் எழுதுகிறேன். எதுவும் பொருந்தவில்லையா, பொறுப்பான ஒரு ஆளுக்கு மெயில் போயாக வேண்டும். ஒர்க்ஃப்ளோவைப் படமாக வரைவதற்கென்று 2011-இல் வந்த பிபிஎம்என் 2.0 என்ற தரநிலையில் எனக்குப் பிடித்ததே இதுதான்: பல வழிகளில் ஒன்றை மட்டும் எடுக்கிற எக்ஸ்க்ளூசிவ் கேட்வேயில் ஒரு கண்டிஷனும் பொருந்தாமல், டீஃபால்ட்டும் இல்லாமல் போனால் அது பிழை என்று விதியிலேயே இருக்கிறது. சத்தம் போட்டு நின்றுவிடும், நமக்கும் தெரிந்துவிடும்.

நீ மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட்டில்தானே ஒர்க்ஃப்ளோ செய்யப்போகிறாய்? அதில் ஒரு மதிப்பை வைத்துப் பல வழியாகப் பிரிக்கிற ஸ்விட்ச் சமமா என்று மட்டும்தான் பார்க்கும், பெரியது சிறியது எல்லாம் கண்டிஷனில்தான். ஒரு ஸ்விட்சில் 25 கேஸ், அதாவது கிளை, வைக்கலாம், ஒன்றுக்குள் ஒன்றாக 8 அடுக்கு வரை போகலாம். போகலாம் என்பதற்காகப் போகாதே, நாலாவது அடுக்கிலேயே எந்த ‘இல்லை’ எந்த ‘ஆம்’ பக்கம் என்று தேட ஆரம்பித்துவிடுவாய். அப்புறம் வரிசை. மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து முதலில் பொருந்துவதை எடுக்கிற கருவிகளில் ‘3 நாளுக்கு மேல்’ என்பதை முதலில் வைத்து ‘10 நாளுக்கு மேல்’ என்பதை அடுத்து வைத்தால் இரண்டாவது விதி ஒருநாளும் ஓடாது. சரியாக 3 நாள் கேட்பவர் எந்தப் பக்கம் போவார் என்பதையும் எழுதிவிடு. எண் டெக்ஸ்டாக வந்தால் இன்னொரு வம்பு, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடும்போது 10 என்பது 9-ஐவிடச் சின்னதாகிவிடும்.

டெஸ்ட் பண்ணும்போது ஒழுங்கான விண்ணப்பத்தை மட்டும் அனுப்பிப் பார்த்து நிறுத்திவிடாதே, உன்னைத் தெரியும் எனக்கு. வகையைக் காலியாக விட்டு அனுப்பு, பட்டியலில் இல்லாத ஒரு சொல்லைக் கொடு, அது யார் மேசையில் போய் விழுகிறது என்று பார்.

முதல் வரைவு முடிந்ததும் ஸ்கிரீன்ஷாட் அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.