மழைக்கு முன் வீல் பேரிங் பார்த்துவிடுங்கள்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்கள் ஐப்பசி அடைமழைக்கு முன் வீல் பேரிங்கை (சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் உருளைத் தாங்கியை) ஒருமுறை சோதித்துவிடுங்கள். 'இத்தனை கிலோமீட்டர் ஓடிவிட்டது, மாற்றிவிடு' என்ற கணக்கு நம் வண்டிகளுக்குச் சரிவராது. கையும் காதும்தான் சொல்ல வேண்டும்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் கோளாறு பேரிங் பக்கம். அப்போதும் ஆடினால் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் மூட்டுகளான கிங் பின், பால் ஜாயின்ட்டைப் பாருங்கள். ஆட்டம் என்றாலே மாற்ற வேண்டியதில்லை, பல நேரம் பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் நட்டைச் சரிசெய்தாலே போதும். ஆனால் அளவுக்கு மேல் இறுக்கினால் பேரிங் சூடாகியே கெட்டுப்போகும்.

ஓடும்போது ஊளைச் சத்தம் வந்து, வலப்பக்கம் திருப்பும்போது கூடினால் இடச்சக்கரத்தைச் சந்தேகப்படுங்கள். எடை அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

கும்பகோணம், மயிலாடுதுறை கிராமச் சாலைகளில் காயப்போட்ட வைக்கோல் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீலைக் கெடுத்துவிடும். அப்புறம் தேங்கிய தண்ணீரில் இறங்கினால் கதை முடிந்தது. கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கழுவித் துடைத்துப் பாருங்கள். பேரிங்கின் உருளையில் குழியோ, துருவோ, நீலம் பாய்ந்த நிறமோ தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். உள்வளையம், வெளிவளையம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சீலும் புதிதாகவே இருக்கட்டும்.

உதிரிபாகம் தேடுவோர் குழுவில் வண்டியின் மாடலும் ஆண்டும் எழுதுங்கள்.